வாதம் வந்த கைக்கு வெந்தயக்கீரை: வீட்டிலேயே தோட்டச் சிகிச்சை தொடங்குவது எப்படி?

பக்கவாதத்துக்குப் பிறகு ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால் பலருக்கும் சீக்கிரமே சலித்துவிடும். அதே விரல்களை மண் பிசையவும் விதை தூவவும் பழக்கினால் வேலையில் ஆர்வம் ஒட்டிக்கொள்ளும். மருந்தையோ பிசியோதெரபியையோ இதற்காக நிறுத்திவிடாதீர்கள். எந்த அசைவு கூடும், எது கூடாது என்று தெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டே தொடங்குங்கள்.

1. இடம். நோயாளியைக் குனிய வைக்க வேண்டாம். மேசைமேல் நாலு அங்குல ஆழமுள்ள தட்டு போதும். சக்கர நாற்காலி என்றால் முழங்கால் உள்ளே நுழைய மேசைக்கடியில் இரண்டேகால் அடியாவது காலியாக இருக்கட்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். ஆரம்பத்தில் 15 நிமிடம் தாராளம்.

2. மண். செம்மண், அலசிய தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், மூன்றும் சமமாக. கல்லும் முள்ளும் பொறுக்கிவிட்டு, கலக்கும் வேலையை அவரிடமே விடுங்கள்.

3. விதைப்பு. முந்தின இரவே வெந்தயத்தை ஊறவையுங்கள். மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும், 20 முதல் 25 நாளில் பறிக்கலாம். முளைக்கீரை வேண்டாம், அதன் விதை மிகப் பொடி, விரலுக்குப் பிடிபடாது. தளர்ந்த கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விதையைப் பிடிக்கட்டும், நல்ல கை மணிக்கட்டைத் தாங்கட்டும். விரல் பிரியவே நேரம் எடுக்கும். பாதி விதை மேசையில் சிந்தும். சிந்தட்டும்! அவசரப்பட்டு நீங்கள் வாங்கித் தூவிவிட்டால் பயிற்சியே போச்சு.

4. கருவி. கொத்துக் கரண்டியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். தடித்த பிடி நழுவாது. தண்ணீருக்கு மூடியில் துளையிட்ட அரை லிட்டர் பாட்டில்.

5. மற்றவர்களுக்கு. மறதி நோய் உள்ளவர்களுக்குத் துளசி, மரு, கற்பூரவல்லி என வாசனைச் செடிகள் வையுங்கள். அரளியும் ஊமத்தையும் நச்சு, பக்கத்திலேயே வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலருக்கு ஈரமண் ஒட்டுவதே தாங்காது, கட்டாயப்படுத்தாமல் கரண்டி கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு வரிசையோரம் தடித்த கயிறு கட்டினால் தடவிப் பார்த்தே விதைப்பார்.

6. முடித்ததும். சோப்புப் போட்டுக் கை கழுவி, தளர்ந்த கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கையில் கீறல் பட்டாலும் அவருக்குத் தெரியாது.

முதல் தட்டு முளைத்த பத்தாம் நாளே அடுத்த தட்டில் விதைத்துவிடுங்கள். கீரை பறித்த மறுநாள் அவர் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.