ஆய்வை மதிப்பிடும் முறையையே ஆய்வு செய்ய: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து போஸ்ட்டாக்குக்குத் தயாராவது

பிஎச்டி முடித்துவிட்டு, கவுரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுபவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறையப் பேர். ஓர் ஆய்வை 'நல்ல ஆய்வு' என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி பிடித்தவர்களுக்கு இந்தக் குறிப்பு. இதற்கு லேப் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம். எந்தப் பாடத்தில் பிஎச்டி வாங்கியவரும் வரலாம். ஆனால் சிறிய அளவிலாவது ஓர் ஆய்வை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். வெறும் ஆர்வத்தை எழுதி அனுப்பினால் பதிலே வராது.

ஆய்வு மதிப்பீட்டையே ஆராயும் இந்தத் துறையின் அடிப்படைச் சான்றுகள் இரண்டை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். 1982-இல் பீட்டர்ஸ், செசி என்ற இருவர், ஏற்கெனவே அச்சான 12 உளவியல் கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, அவை வெளிவந்த அதே இதழ்களுக்கே மறுபடி அனுப்பினார்கள். 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. மிச்சம் 9-இல் 8 நிராகரிக்கப்பட்டன. அடுத்தது 2014-இல், இன்று நியூரிப்ஸ் எனப்படும் இயந்திரக் கற்றல் மாநாடு நடத்திய சோதனை. 166 கட்டுரைகள் தனித்தனியாக இரண்டு மதிப்பீட்டுக் குழுக்களிடம் போயின. 43 கட்டுரைகளில் ஒரு குழு சரி என்றதை மற்றது வேண்டாம் என்றது. சக ஆய்வாளர் மதிப்பீட்டில் (அதே துறையினர் படித்து ஏற்கலாமா என்று சொல்லும் முறை) அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பது இந்தத் துறையின் மையக் கேள்விகளில் ஒன்று.

கேள்வியைச் சுருக்குங்கள்

'இந்தியாவில் ஆராய்ச்சித் தரம்' என்று தலைப்பு வைத்தால் பத்து வருடம் ஆனாலும் முடியாது. பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பையூர் 2 கொள்ளு அங்கிருந்து வந்த ரகம். ஒரு ரகம் வெளிவரப் பல பருவங்கள் வயலில் சோதனை நடக்க வேண்டும். ஆய்வாளரை அளக்க 2005-இல் ஹிர்ஷ் முன்வைத்த எச்-இன்டெக்ஸோ கட்டுரைகளையும் மேற்கோள்களையும் (பிறர் தங்கள் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டுவது) மட்டுமே எண்ணுகிறது; ரகத்துக்கு அதில் இடமே இல்லை. 'மண்டல நிலையங்களின் வேலையில் எவ்வளவு பங்கு மேற்கோள் தரவுத்தளங்களில் பதிவாகிறது?' என்பது மூன்று மாதத்தில் முடிக்கக்கூடிய கேள்வி. நெதர்லாந்திலோ டெல்லியிலோ இருப்பவரைவிட நமக்கு இது எளிது.

விதி மாற்றத்தை வைத்தும் கேள்வி எழுப்பலாம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2010-இல், ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்குமான ஏபிஐ மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. 2022 விதிமுறையில், பிஎச்டி சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்பதை எடுத்தது. 2025 பிப்ரவரியில், தான் ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியலையும் கைவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு கல்லூரியின் கட்டுரைகள் எந்த இதழ்களுக்குப் போயின என்று ஒப்பிடுங்கள். கட்டுரை எழுதி அச்சாக ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதனால் விதி வந்த நாளிலேயே கோடு கிழித்தால் விடை தப்பாகும். பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியைத் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவு எடுப்பது

2022-இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்தின் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உரிமத் தடை இல்லை. ஸ்கோபஸ் என்ற கட்டணத் தரவுத்தளத்துக்கு உங்கள் கல்லூரி சந்தா கட்டவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கட்டுரைகளை முழுதாகப் படிக்க வேண்டுமென்றால், அரசுக் கல்லூரிகளுக்கு 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது. நூலகரிடம் பதிவு கேளுங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம் முகவரி. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி, வந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பையூரில் செய்த வேலை பெரும்பாலும் தலைமை நிறுவனத்தின் பேரில், கோயம்புத்தூர்க் கணக்கில் விழுந்திருக்கும். தருமபுரியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக மையத்தின் கட்டுரைகள் சேலத்தோடு கலந்துவிடும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரையே நாலு விதமாக எழுதுகிறார்கள்.

பின்கோடு மாறாது. ஓப்பன்அலெக்ஸில் கட்டுரையில் அச்சான முகவரி வரியை அப்படியே தேட ஒரு வடிகட்டி இருக்கிறது. காவேரிப்பட்டணத்துக்கு 635112, ஓசூருக்கு 635109, கிருஷ்ணகிரிக்கு 635001, தருமபுரிக்கு 636701, 636705 என்று போடுங்கள். மூன்று இலக்கத்துக்குப் பின் இடைவெளி விட்டு ஒருமுறை, விடாமல் ஒருமுறை. பின்கோடே போடாத முகவரிகளுக்கு ஊர்ப்பெயர்த் தேடலும் தேவை. இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய டிஓஐ அடையாள எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள்.

இன்னொன்று: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் ஓசூரிலும் பையூரிலும் எழுதிய கட்டுரைகளில் 'தருமபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். மாவட்டப் பெயரை வைத்து வருடவாரியாக வரைபடம் போட்டால், 2004-இல் தருமபுரி ஆராய்ச்சி திடீரென்று சரிந்த மாதிரி தெரியும். சரிந்தது ஒன்றுமில்லை, எல்லைதான் மாறியது.

பட்டியல் தயாரானதும் அதிலிருந்து குலுக்கல் முறையில் 100 பதிவுகளை எடுத்து, கட்டுரையைத் திறந்து கண்ணால் சரிபாருங்கள். 90 சரி என்றால், உண்மையான விகிதம் ஏறத்தாழ 84-க்கும் 96-க்கும் நடுவில் இருக்கும். தவறவிட்டது எவ்வளவு என்று அறிய, நிலையத்தின் ஆண்டறிக்கையில் உள்ள வெளியீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இந்த இரண்டு எண்களும் இல்லாத ஆய்வைத் துறைக்காரர்கள் நம்பமாட்டார்கள். அது நியாயமும்கூட.

எண்ணும்போது

நாலு ஆசிரியர்களில் ஒருவர்தான் நம் ஊர் என்றால் 1 என்று எண்ணுவதா, 0.25 என்று எண்ணுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டு வழியிலும் எண்ணிக் காட்டுவது நல்லது. மேற்கோள்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து குறைந்தது மூன்று வருடம் விடுங்கள். சராசரி போடாதீர்கள், ஒரே ஒரு கட்டுரை 400 மேற்கோள் வாங்கி எல்லாவற்றையும் தூக்கிவிடும். இடைநிலை அளவு (மீடியன்) போதும். இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள்) ஒரு கட்டுரையின் தரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய 2013-இன் டோரா பிரகடனம் சொல்கிறது; நேர்காணலில் இதைக் கேட்பார்கள்.

கட்டுரைகளை வகைப்படுத்தும் வேலை இருந்தால், உதாரணமாக 'உள்ளூர்ப் பிரச்சினை பற்றியதா, இல்லையா' என்று, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் செய்ய வேண்டும். ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் சொல்லி ஏமாறாதீர்கள். 100 கட்டுரைகளில் ஒருவர் 90-க்கு 'ஆம்' என்கிறார், மற்றவர் 85-க்கு. இருவரும் 85 இடங்களில் ஒத்துப்போகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் 'ஆம்' போட்டிருந்தாலே 78 ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹனின் கப்பா, 7-ஐ (85-இல் 78 போக) 22-ஆல் (100-இல் 78 போக) வகுத்தால் வருவது, 0.32. போதாது. எங்கே முரண்பட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசி, வரையறையைத் திருத்தி, புதிய 50 கட்டுரைகளில் மறுபடி பாருங்கள். பழையவற்றிலேயே பார்த்தால் எண் தானாக ஏறும், அர்த்தம் இருக்காது.

மனிதர்களிடம் கேட்கும்போது

பேராசிரியர்களை நேர்காணல் செய்வதாக இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதியை முதலில் வாங்குங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பது நம் ஊரில் செல்லாது. 'அரசுக் கல்லூரி, தாவரவியல், பெண், ஓய்வுக்கு இரண்டு வருடம்' என்று எழுதினாலே பேருந்து நிலையத்தில் டீ குடிப்பவர்வரை ஆளைச் சொல்லிவிடுவார்கள். பாடத்தை 'அறிவியல்' என்றும், வயதைப் பத்து வருட இடைவெளியாகவும் மாற்றுங்கள். இதழ்களுக்கு மதிப்பீட்டாளர்கள் எழுதும் அறிக்கைகள் பொதுவாக ரகசியமானவை. தெரிந்த இதழாசிரியரிடம் கேட்டு வாங்காதீர்கள். இலைஃப் (eLife) போன்ற இதழ்கள் அறிக்கைகளைப் பொதுவிலேயே வெளியிடுகின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

அனுப்புவது

தரவைத் தொடும் முன்பே ஆய்வுத் திட்டத்தை ஓஎஸ்எஃப் (OSF) என்ற திறந்த ஆய்வுத் தளத்தில் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் தரவையும் நிரலையும் ஜெனோடோ என்ற திறந்த தரவுக் களஞ்சியத்தில் போட்டு டிஓஐ வாங்குங்கள். பிறகு கடிதம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உள்ள சிடபிள்யூடிஎஸ் (CWTS) மையம், டெல்லியில் நிஸ்க்பிஆர் (CSIR-NIScPR) நிறுவனம், பெங்களூரு ஐஐஎஸ்சியில் உள்ள டிஎஸ்டி கொள்கை ஆய்வு மையம் ஆகியவை இந்தத் துறையில் வேலை நடக்கும் இடங்கள். ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்குக் காலையில் போய்க் கருத்தரங்கு கேட்டுவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். கடிதம் 200 சொற்களுக்குள்: கேள்வி, ஒரே ஒரு வரைபடம், ஜெனோடோ இணைப்பு, அவர்களுடைய எந்த வேலையோடு இது பொருந்துகிறது என்ற ஒரு வரி. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் படிக்காமலே தெரிந்துவிடும்.

ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டாக் விண்ணப்ப மதிப்பெண்ணில் சிறப்புக்கு 50, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தலுக்கு 20 சதவீதம். பலரும் முதல் பகுதியிலேயே பக்கங்களைத் தீர்த்துவிட்டு, கடைசி 20-ஐ ஒரே இரவில் எழுதுகிறார்கள். மாதவாரி வேலை அட்டவணையை முதலில் போடுங்கள்.

விண்ணப்பத்தில் பெயர். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், கட்டுரையில் ஒரு மாதிரி, பிஎச்டி சான்றிதழில் இன்னொரு மாதிரி. ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்க்கிட் (ORCID) கணக்கில் எல்லா வடிவங்களையும் 'பிற பெயர்கள்' பகுதியில் சேர்த்து, பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே விண்ணப்பத்தில் எழுதி, கட்டுரைப் பட்டியலில் உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள்.