ஸ்பிரைட்டை நடக்க வைப்பது எப்படி?

விளையாட்டுகள் எழுத உதவும் ரேலிப் (raylib) நூலகத்தைக் கொண்டு சி மொழியில் எழுதும் முதல் விளையாட்டில், ஸ்பிரைட்டின், அதாவது திரையில் நடக்கும் பட உருவத்தின், 4 பிரேம்களையும் (நடையின் அடுத்தடுத்த படங்களையும்), ஒவ்வொன்றும் 64 பிக்சல் அகலத்தில், ஒரே வரிசையாக ஒரே பிஎன்ஜி கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் பிரேம் எண்ணை 64ஆல் பெருக்கினால், வரைய வேண்டிய துண்டு தொடங்கும் இடம் கிடைத்துவிடும்.

திரையைத் திரும்பத் திரும்ப வரையும் சுழலின் ஒவ்வொரு சுற்றிலும் பிரேம் எண்ணை உயர்த்தாதீர்கள். நான் அப்படிச் செய்தபோது உருவம் நடக்கவில்லை, நடுங்கியது. முந்தைய சுற்றுக்கு ஆன நேரத்தைச் சொல்லும் கெட்ஃபிரேம்டைம் (GetFrameTime) செயற்கூறு தரும் நேரத்தை ஒரு மாறியில் கூட்டிக்கொண்டே வந்து, அது 0.12 நொடியை எட்டியதும் எண்ணை ஒன்று உயர்த்தி, 4ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டு, மாறியிலிருந்து 0.12ஐக் கழியுங்கள், பூஜ்யமாக்கினால் மிச்ச நேரம் வீணாகி நடை பின்தங்கும்.

முழு நடைச்சுற்றுக்கு 0.48 நொடி ஆவதால், அதற்குள் 48 பிக்சல் கடப்பதாகக் கால்களை வரைந்திருந்தால், வேகம் நொடிக்கு 100 பிக்சலாக இருக்க வேண்டும். இல்லையேல் பாதம் தரையில் வழுக்கும். இடப்பக்கம் திரும்ப, கோப்பிலிருந்து எடுக்கும் துண்டைக் குறிக்கும் மூலச் செவ்வகத்தின் அகலத்தை -64 ஆக்கினால் போதும்.