புளோரிடாவில் மொபைல் ஹோமுக்குப் புயல் காப்பீடு: வீட்டின் ஜாதகத்திலிருந்து தொடங்குங்கள்

புளோரிடாவின் மேற்குக் கரையில், சரசோட்டா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), 1997-ஆம் ஆண்டு தயாரான இரண்டு பகுதிகள் கொண்ட மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து நிறுவும் வீடு ஒன்றை நானும் என் மனைவியும் வாங்கினோம். வீட்டை வாங்கிப் பெயர் மாற்ற இரண்டு வாரம் பிடித்தது. அதற்குக் காப்பீடு எடுக்க ஏழு வாரம் பிடித்தது. முதலில் அணுகிய நிறுவனம் மறுத்துவிட்டது. அடுத்த நிறுவனம் கேட்ட பிரீமியம் எங்கள் கைக்கு எட்டாததாக இருந்தது. வீட்டில் குறை ஏதும் இல்லை. விண்ணப்பத்தில் காற்று மண்டலம், லேபிள் எண், ஆங்கர் (வீட்டைத் தரையோடு பிணைக்கும் நங்கூரம்) விவரம் ஆகிய மூன்று இடங்களிலும் 'தெரியாது' என்று நிரப்பப்பட்டிருந்ததுதான் காரணம். நிறுவனத்தைப் பொறுத்தவரை, தெரியாத வீடு மோசமான வீடாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே விலை கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகளை முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

முதற்படி: டேட்டா பிளேட்டைக் கண்டுபிடியுங்கள்

அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டப்படும் வீடுகளுக்கான கூட்டாட்சி விதிமுறை, அதாவது ஹட் கோட், 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டப்பட்டவை சட்டப்படி 'மொபைல் ஹோம்'. பின் கட்டப்பட்டவை 'மேனுஃபாக்சர்டு ஹோம்'. பேச்சு வழக்கில் எல்லாமே மொபைல் ஹோம்தான் என்றாலும், காப்பீட்டு நிறுவனங்கள் இந்தத் தேதியைக் கறாராகப் பார்க்கின்றன. 1976-க்கு முந்தைய வீடுகளை ஏற்காத நிறுவனங்கள் பல உண்டு.

இன்னொரு தேதியும் அதே அளவு முக்கியம். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஹரிக்கேன் தெற்குப் புளோரிடாவில் இவ்வகை வீடுகளைத் தரைமட்டமாக்கிய பிறகு, காற்றைத் தாங்கும் விதிகள் கடுமையாக்கப்பட்டு, 1994 ஜூலை 13 முதல் அமலுக்கு வந்தன. அதன்படி நாடு மூன்று காற்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சரசோட்டா, லீ, காலியர், பினெல்லஸ் உள்ளிட்ட புளோரிடாவின் பல கரையோரக் கவுண்டிகள் மூன்றாம் மண்டலத்திலும், மாநிலத்தின் மற்ற கவுண்டிகள் இரண்டாம் மண்டலத்திலும் வருகின்றன. 2004 ஆகஸ்டில் சார்லி ஹரிக்கேன் சார்லட் கவுண்டியைத் தாக்கியபோது, 1994-க்குப் பிந்தைய வீடுகள் பழையவற்றைவிட மிக நன்றாகத் தாக்குப்பிடித்தன. உங்கள் வீடு எந்தத் தேதிக்குப் பிந்தையது, எந்த மண்டலத்துக்காகக் கட்டப்பட்டது என்பதைக் காகிதத்தில் காட்டினால், பேச்சின் தொனியே மாறிவிடும்.

அந்தக் காகிதம்தான் டேட்டா பிளேட். பெயரைக் கேட்டு உலோகத் தகட்டைத் தேடி நான் மூன்று நாட்களை வீணாக்கினேன். அது வீட்டுக்குள்ளே ஒட்டப்பட்டிருக்கும் சாதாரணத் தாள். சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், மின்சாரப் பெட்டியின் அருகில், படுக்கையறைத் துணி அலமாரியின் சுவர் ஆகிய மூன்று இடங்களிலும் தேட வேண்டும். எங்கள் வீட்டில் அது சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அலமாரியில் இருந்தது. முன்பு குடியிருந்தவர் அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டிருந்தார். ஓரத்தை மெல்ல உரித்தபோது, மஞ்சளேறிய தாளில் அமெரிக்க வரைபடம் ஒன்றின் விளிம்பு முதலில் தெரிந்தது. அவசரப்பட்டு இழுக்காமல், தலைமுடி உலர்த்தும் கருவியால் பசையைச் சூடாக்கி, அரை மணி நேரம் பொறுமையாக உரித்தெடுத்தோம். எழுத்து மங்கியிருந்தால் விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அச்சின் தடம் தெளிவாகத் தெரியும். பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் தயாரிப்பாளர் பெயர், தயாரான தேதி, வரிசை எண், காற்று மண்டலம், கூரைச் சுமை மண்டலம் எல்லாம் இருக்கும். இவற்றோடு, பலர் கவனிக்காமல் விடும் இரண்டு வாக்கியங்களையும் படியுங்கள். கடற்கரையிலிருந்து 1,500 அடிக்குள் வீசும் கடுமையான காற்றுக்காக இந்த வீடு வடிவமைக்கப்பட்டதா இல்லையா என்பதை ஒன்று சொல்லும். ஜன்னல்களுக்கும் வெளிக்கதவுகளுக்கும் புயல் தடுப்புகள் பொருத்தப்பட்டனவா இல்லையா என்பதை மற்றொன்று சொல்லும்.

அடுத்து வெளியே வாருங்கள். ஒவ்வொரு பகுதியின் பின்முனையிலும், அதாவது இழுத்துவரும்போது வாகனத்தின் பின்விளக்கு இருந்த பக்கத்தில், சிவப்பு நிறச் சிறு உலோகத் தகடு அறையப்பட்டிருக்கும். அதுதான் ஹட் லேபிள். இரண்டு பகுதி வீட்டுக்கு இரண்டு லேபிள்கள், இரண்டு எண்கள். ஒன்றை மட்டும் எழுதி அனுப்பினால் விண்ணப்பம் திரும்பிவரும். வெளிச்சுவரை மாற்றியவர்கள் லேபிளைக் கழற்றி எறிந்திருந்தால், புதிய தகடு கிடைக்காது. ஐபிடிஎஸ் என்ற நிறுவனம் ஆவணங்களைத் தேடி, லேபிள் எண்ணை உறுதிசெய்யும் கடிதம் தரும். அதற்கு வரிசை எண் தேவை. டேட்டா பிளேட்டும் இல்லையென்றால், வீட்டின் முன்பக்க இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கட்டையில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துப் பார்க்கலாம். வீட்டின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் இதுவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எங்கள் டைட்டிலில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. அதைத் திருத்துவதற்கே பத்து நாட்கள் ஆயின.

இரண்டாம் படி: வீட்டுக்கு அடியில் பாருங்கள்

மொபைல் ஹோமைத் தரையோடு பிடித்திருப்பவை எஃகுப் பட்டைகளும், அவை கட்டப்பட்டிருக்கும் மண் ஆங்கர்களும்தான். வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகை ஒன்றைக் கழற்றி, நல்ல விளக்கோடு உள்ளே நோக்குங்கள். பட்டை தளர்ந்திருக்கிறதா, மண்ணைத் தொடும் இடத்தில் துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா, ஆங்கரின் தலை தரையிலிருந்து மேலே எழும்பியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். மற்றதை இவ்வகை வீடுகளை நிறுவ உரிமம் பெற்ற இன்ஸ்டாலர் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அவர் கையெழுத்திட்ட சான்றும் படங்களும் இருந்தால் பல நிறுவனங்கள் சலுகை தருகின்றன. பழைய வீடுகளுக்கு ஆங்கர்களை இலவசமாகப் பலப்படுத்தித் தரும் அரசு நிதித் திட்டமும் புளோரிடாவில் இருக்கிறது. வாடகை நிலத்தில் வீடு இருந்தால், உங்கள் மொபைல் ஹோம் பார்க் (இவ்வகை வீடுகளுக்கு மனை வாடகைக்கு விடும் வளாகம்) அதில் சேர்ந்திருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: பணத்தை எந்தக் கணக்கில் தருவார்கள்?

பாலிசியின் தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. இழப்பை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று சொல்லும் வரிதான் உயிர்நாடி. தேய்மானம் கழித்துத் தருவது ஒரு முறை. புதிதாக மாற்ற ஆகும் செலவைத் தருவது மற்றொரு முறை. வீடு முற்றிலும் அழிந்தால் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தருவது மூன்றாவது முறை. பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் தேய்மான முறையையே முன்வைப்பார்கள்.

இதோடு ஹரிக்கேன் டிடக்டிபிள், அதாவது ஹரிக்கேன் இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, சேரும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். வீட்டின் காப்பீட்டுத் தொகை 90,000 டாலர், ஹரிக்கேன் டிடக்டிபிள் 5 சதவீதம் என்று கொள்வோம். அந்த 5 சதவீதம் இழப்பின் மீது கணக்கிடப்படுவதில்லை. காப்பீட்டுத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. ஆக, முதல் 4,500 டாலர் உங்களுடையது. கூரை மூடுதல் முழுவதும் பறந்து, மாற்ற 12,000 டாலர் ஆகிறது. அதன் ஆயுளில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது என்று தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது 3,000 டாலர். அது 4,500-க்குக் கீழே இருப்பதால் கையில் வருவது ஒன்றுமில்லை. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியவர்கள் இப்படி வெறுங்கையோடு நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் முகங்கள் இன்னும் மனத்தில் நிற்கின்றன.

புளோரிடாவில் ஹரிக்கேன் டிடக்டிபிளுக்கு 500 டாலர், 2, 5, 10 சதவீதம் என்ற தெரிவுகள் சட்டத்தில் உள்ளன. வங்கியில் உடனே எடுக்கக்கூடிய தொகை எவ்வளவோ அதற்கு மேல் டிடக்டிபிள் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரீமியத்தைக் குறைக்க 10 சதவீதம் எடுக்கச் சொல்லும் முகவரிடம், அது எத்தனை டாலர் என்று காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2004-இல் சார்லி, ஃபிரான்சஸ், ஐவன், ஜீன் என ஆறே வாரங்களில் நான்கு ஹரிக்கேன்கள் இந்த மாநிலத்தைத் தாக்கின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிடக்டிபிளைச் சுமந்தவர்கள் பட்ட துயரத்துக்குப் பிறகு, ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஒரு முறை என்று சட்டம் மாறியது. இதன் பயனைப் பெற, முதல் புயலில் நேர்ந்த இழப்பு டிடக்டிபிளுக்குக் குறைவாக இருந்தாலும் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

நான்காம் படி: வெள்ளம் தனி

கடல் பொங்கி உள்ளே வருவது காற்றின் கணக்கில் சேராது, அது வெள்ளம். சாதாரண மொபைல் ஹோம் பாலிசி அதைத் தாங்காது. 1968-இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000 டாலர் வரையிலும், பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரையிலும் எடுக்கலாம். பொருட்களுக்கான தொகையைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீடு நிலையான அடித்தளத்தில் இருக்க வேண்டும். வெள்ள அபாய மண்டலத்தில் ஆங்கரும் கட்டாயம். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர, பாலிசி நடைமுறைக்கு வர 30 நாட்கள் ஆகும். குறைந்தது 16 அடி அகலமும் 600 சதுர அடிப் பரப்பும் இல்லாத வீடுகளுக்குப் புதிதாக மாற்ற ஆகும் செலவு கிடையாது. தேய்மானம் கழித்தே தருவார்கள். வெள்ளத்தால் வெளியே தங்க நேர்ந்தால், அந்தச் செலவையும் இந்தத் திட்டம் தராது.

ஐந்தாம் படி: எப்போது, யாரிடம்?

ஹரிக்கேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பெயரிடப்பட்ட புயல் நெருங்கியதும் நிறுவனங்கள் புதிய பாலிசிகளை நிறுத்திவிடும். ஆகவே ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்கும் சுயேச்சை முகவரையே நான் பரிந்துரைப்பேன். அவரிடமும், மொபைல் ஹோம்களை அதிகம் கையாள்பவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் எவரும் ஏற்காதபோது, 2002-இல் மாநிலம் உருவாக்கிய சிட்டிசன்ஸ் நிறுவனம் இருக்கிறது. ஆனால் அதன் பிரீமியத்தைவிட 20 சதவீதத்துக்கு மேற்படாத கூடுதலில் தனியார் ஒருவர் இணையான பாலிசியைத் தர முன்வந்தால், அங்கே தகுதி இல்லை.

விலைகளை ஒப்பிட இணையதளங்களைவிட எளிய எக்செல் தாள்தான் எனக்கு உதவியது. நிறுவனம், தொகை, கணக்கிடும் முறை, ஹரிக்கேன் டிடக்டிபிள் டாலரில், மற்ற டிடக்டிபிள், வெளியே தங்கும் செலவு என ஆறு பத்திகள் போதும். பிரீமியத்தை வேண்டுமென்றே கடைசிப் பத்தியாகச் சேர்த்தேன். முதலில் வைத்தால் கண் அதைத் தாண்டுவதில்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கார்போர்ட், வலையடைத்த தாழ்வாரம், கொட்டகை ஆகியவை வீட்டோடு தானாகவே சேர்ந்துவிடும் என்று நம்பி இருவர் ஏமாந்திருக்கிறார்கள். பல பாலிசிகளில் அலுமினிய வலைக்கூடம் ஹரிக்கேன் இழப்பிலிருந்து விலக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் பெயரும் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை பிய்ந்து போகும்போது வீட்டின் சுவரையும் கூரையையும் கிழித்துக்கொண்டு போவதால், அவற்றின் போல்ட்டுகளையும் இன்ஸ்டாலரிடம் காட்டுவது நல்லது.

வேறு மாநிலத்திலிருந்து வீட்டை இழுத்துவர நினைத்த ஒருவருக்கு: முதலாம் மண்டலத்துக்காகக் கட்டிய வீட்டைப் புளோரிடாவில் நிறுவ முடியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் டேட்டா பிளேட்டின் படத்தைக் கேளுங்கள்.

வெளியேறும் உத்தரவு வந்தால் மொபைல் ஹோமில் இருப்பவர்கள் எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருந்தாலும் கிளம்ப வேண்டும். கதவைப் பூட்டுவதற்கு முன், வீட்டின் நான்கு பக்கத்தையும், கூரை விளிம்பையும், ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்து வைத்து, பத்து நிமிட வீடியோவாக எடுத்து உடனே இணையச் சேமிப்பில் ஏற்றிவிடுங்கள். திரும்பி வந்ததும், துடைக்கத் தொடங்குவதற்கு முன்பே, சுவரில் நீர் நின்ற கோட்டையும் கூரை கிழிந்த இடத்தையும் தனித்தனியே படமெடுங்கள். காற்றுக்கு ஒரு நிறுவனம், வெள்ளத்துக்கு மற்றொன்று என்னும்போது, எது எதனால் நேர்ந்தது என்பதை அந்தப் படங்கள்தான் பிரித்துக் காட்டும். தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். காற்று இழப்பைப் புளோரிடாவில் ஓராண்டுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பின்னர் கண்டுபிடிக்கும் கூடுதல் சேதத்துக்கு, இழப்பு நேர்ந்த நாளிலிருந்து 18 மாதங்கள் வரை இடமுண்டு.