டிரா செய்தும் ரேட்டிங் குறைவது ஏன்?

"தோற்கவே இல்லையே, அப்புறம் எப்படி ரேட்டிங் இறங்கியது?" செஸ் ரசிகர்கள் அடிக்கடி கேட்பது இது. சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே பின்பற்றும், வீரரின் பலத்தைப் புள்ளியாகச் சொல்லும் ஈலோ ரேட்டிங் முறையில் இதை நாமே கணக்குப் போட்டுவிடலாம். எதிராளியைவிட 200 புள்ளி கூடுதலாக இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.76. வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, தோல்விக்கு 0. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, 'கே' என்ற நிர்ணயித்த எண்ணால் பெருக்குங்கள்; அதுதான் ரேட்டிங்கில் வரும் மாற்றம். ஒருமுறை 2400-ஐத் தொட்டவருக்கு அந்த எண் 10. ஆக, வென்றால் 2.4 கூடும், டிரா என்றால் 2.6 குறையும், தோற்றாலோ 7.6 காலி! முன்னணி வீரர்கள், ரேட்டிங் குறைந்தவர்களோடும் மோத வேண்டிய ஓபன் போட்டிகளுக்கு வரத் தயங்குவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் எதிர்பார்ப்பு 0.5தான், டிராவில் யாருக்கும் நஷ்டமில்லை.