எஞ்சின் வேலை முடிந்தும் பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஸ்டார்ட் ஆகவில்லையா?

கார்புரேட்டரைக் கழற்றும் முன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்த பெட்ரோலை ஒரு டீஸ்பூன் ஊற்றி, பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். வெறும் பெட்ரோல் வேண்டாம், புது பிஸ்டனில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும்.

இரண்டு மூன்று விநாடி ஓடி அணைந்தால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் ஓரளவு சரி, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டி) அழுத்தத் துடிப்பில்தான் பெட்ரோல் பம்ப் ஓடும். அதற்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் (பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வளைத்தால் வெடிப்பு தெரியும்) காற்றை விட்டாலே போச்சு. ஒரு வெடிச் சத்தம்கூட இல்லையென்றால் ஸ்பார்க், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), ஃப்ளைவீல் கீ (ஃப்ளைவீலைத் தண்டோடு நகராமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) பக்கம் போங்கள்.

கழற்றிய பிளக் ஏற்கெனவே நனைந்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், உள்ளே பெட்ரோல் அதிகம்.