பழைய கார் எஞ்சினில் சத்தமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வண்டி. ஒரு மார்கழி மாதக் காலையில், ஸ்டார்ட் செய்தவுடன் ‘டிக் டிக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஓட்டினால் அடங்கிவிடும். மறுநாள் காலை திரும்பவும் வரும். “டாப்பெட்டாகத்தான் இருக்கும் சார்” என்றார் மெக்கானிக். எஞ்சினில் வாயு போய்வரும் வால்வுகளைத் தட்டித் திறக்கும் உறுப்புதான் டாப்பெட். நானும் அப்படியே நினைத்திருந்தேன். டாப்பெட்டை இறுக்கினார், சத்தம் போகவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னது நான். நான்கு மாதத்தில் வண்டியின் இழுவை குறைந்தது. சோதித்தபோது ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (உள்ளே வாயுவை அமுக்கும் அழுத்தம்) இல்லை, புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோயிருந்தது. சத்தம் போட்டுக்கொண்டிருந்ததோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்; அதாவது, புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு.

பழைய கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் மிக அதிகச் செலவு வைப்பது இதுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்கு முன்பே அதை அடக்கப் பார்ப்பது. எக்ஸாஸ்ட் வால்வு, மூடியிருக்கும் நேரத்தில்தான் தன் சூட்டில் பெரும்பகுதியைச் சிலிண்டர் ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல் மூடிக்கு) கடத்துகிறது. இடைவெளி விடாமல் டாப்பெட்டை இறுக்கினால், சூட்டில் நீளும் வால்வு முழுவதுமாக மூடாது. எரியும் வாயு அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். டாப்பெட் லேசாகச் சத்தமிடுவதில் தவறில்லை. திருகி வைக்கும் டாப்பெட் அறவே ஓசையில்லாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை வரும். கையேட்டில் உள்ள இடைவெளி அளவை, அது சொல்லும் சூட்டு நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துத்தான் அமைக்க வேண்டும். காதை நம்பி அமைக்கக் கூடாது.

டாப்பெட் சத்தத்தையும் கேஸ்கெட் சத்தத்தையும் பிரித்தறிவது ஏன் கடினம்? பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே ஒரு வால்வு இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தட்டும். ஒரு சிலிண்டரின் புகையும் அதே இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெளியேறுகிறது. தாளம் ஒன்றே. ஆனால் கேஸ்கெட் கசிவு, இரும்பு சூடாகி விரியும்போது அடைபட்டு அடங்கும்; மேடேறும்போது கூடும்; கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். திறந்தவெளியில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டவுடன், சைலன்சர் வாயை ஈரமான கனத்த துணியால் இரண்டு நொடி அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் மேனிஃபோல்டு பக்கம் ‘புஸ் புஸ்’ என்று தெளிவாகக் கேட்கும். இந்த இரண்டு நொடிச் சோதனையை அன்று நாங்கள் செய்யவில்லை.

கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவதும் இதே வகைத் தவறு. குளிர்ந்த எஞ்சினில் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். ஹைட்ராலிக் டாப்பெட் (ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்வது) உள்ள கார்களில் சத்தம் இன்னும் கூடவும் செய்யலாம். ஆயில் மாற்றுவதற்கு முன், டிப் ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

‘கீச்’ என்ற ஓசை வந்தால் ஃபேன் பெல்ட்டில் சோப்பு தடவுகிறார்கள். வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓசை சற்று நேரம் நின்றால் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ‘கிர்ர்’ என்று அரைக்கும் சத்தம் என்றால், ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்கு மின்சாரம் தருவது) மாற்றுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால், பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் போன்றவற்றில்தான் கோளாறு. ஒவ்வொன்றையும் கையால் சுழற்றி, ஆட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் ஓடாததால் நீண்ட நேரம் ஓடவிடக் கூடாது. கேம் ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் வேறு. அதைக் கழற்றி எஞ்சினை ஓட்டவே முடியாது, தொடாதீர்கள்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம். நல்ல முறைதான். ஆனால் இரும்பு ஒலியை வெகுதூரம் கடத்தும். ஓரிடத்தில் கேட்டவுடன் முடிவு கட்டாமல், நான்கைந்து இடங்களில் வைத்து, எங்கே மிக உரக்கக் கேட்கிறது என்று பாருங்கள். தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று தட்டினால், ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்துப் பிறருக்குக் கேட்கவைக்காதீர்கள். அது பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருந்தால், ஒவ்வொரு மிதியும் கிராங்க் ஷாஃப்டைக் கீறும். ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காலையில் மட்டும் வரும் சத்தம் என்றால், வண்டியை முந்தைய நாள் மாலையே பட்டறையில் விட்டுவிடுங்கள். ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே அது அடங்கிவிடும். “டாப்பெட் சத்தம்” என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். குளிரிலா சூட்டிலா, மேட்டிலா சமதளத்திலா, கிளட்சை மிதித்தால் மாறுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் மெக்கானிக் முதல் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் நின்று, பானெட்டைத் திறந்து வைத்து, இருவருமாகக் கேளுங்கள்.