மால்டோஸ் பிணைப்புப் புரதம்: ஒட்டியிருக்கும் சர்க்கரையை அகற்றிவிட்டு அளப்பது எப்படி

வெளிச்சவ்வைக் கடந்து வரும் மால்டோஸை ஈ. கோலை பாக்டீரியாவின் பெரிபிளாசத்தில் (இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில்) பிடித்துக்கொள்வது மால்டோஸ் பிணைப்புப் புரதம். இரண்டு மடல்கள், நடுவே ஒரு பள்ளம். சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதிகளை மின்னேற்ற அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கும். அதன் வளையங்கள் டிரிப்டோபன், டைரோசின் தட்டுகளின் மேல் படியும். உடனே மடல்கள் ஏறத்தாழ 35 பாகை மூடிக்கொள்ளும். மூடிய புரதம் உட்சவ்விலுள்ள கடத்தியோடு சேர, ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவில் சர்க்கரை உள்ளே போகும். பள்ளத்தில் ஒளிரும் டிரிப்டோபன் இருப்பதால், பிணைப்பை ஒளிர்வு மாற்றத்தைக் கொண்டே அளக்கலாம்.

பாலிடெக்னிக், பல்கலைக்கழக மாணவர்களை அதிகம் சிக்க வைப்பது, புரதம் சர்க்கரையோடுதான் கைக்கு வருகிறது என்பது. புரதத்தைப் பிடித்துச் சுத்திகரிக்கும் அமைலோஸ் ரெசினிலிருந்து 10 மில்லிமோலார் மால்டோஸால் வெளியேற்றினால் பள்ளம் நிறைந்தே இருக்கும். ஹிஸ்-டேக் (நிக்கல் ரெசினில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால்) வைத்தாலும் முழுதாகத் தப்ப முடியாது. செல்லே மால்டோட்ரையோஸ் போன்றவற்றை உண்டாக்கும்.

சாதாரண டயலிசிஸை (நுண்துளைப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவதை) நம்ப வேண்டாம். பிரிகை மாறிலி (பிடிப்பின் வலிமையைக் காட்டும் அளவு; குறைந்தால் பிடிப்பு இறுக்கம்) சுமார் 1 மைக்ரோமோலார். பாதி இடங்கள் காலியாகும்போது தனித்து நிற்கும் சர்க்கரையும் 1 மைக்ரோமோலார்தான். 50 மைக்ரோமோலார் புரதக் கரைசலில் அது பையை விட்டு நகரவே அடம்பிடிக்கும்.

ஆகவே புரதத்தின் மடிப்பைக் குலைத்துச் சர்க்கரையை விடுவிக்க, அதை நிக்கல் ரெசினில் ஒட்டவைத்தபடியே 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு (100 மில்லிக்கு 57.3 கிராம்) கலந்த பஃபரால் ரெசின் பத்தியின் கொள்ளளவைப் போல் 15 மடங்கு ஊற்றிக் கழுவுங்கள். பிறகு குவானிடினைப் படிப்படியாகக் குறைத்து மடிய விடுங்கள். இந்தப் புரதம் எளிதில் மீண்டும் மடியும். ஈடிடிஏ சேர்க்காதீர்கள், நிக்கல் கழன்றுவிடும். இமிடசோலால் வெளியேற்றியபின் டயலிசிஸ் செய்யுங்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் குவானிடின் பாட்டிலைத் திறந்து வைத்தால் தண்ணீர் இழுத்து எடை பொய்யாகும். அதன் கழிவில் ப்ளீச் ஊற்றவே கூடாது, நச்சுவாயு வரும். குவானிடின் மீந்த மாதிரியை எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்) ஏற்றினால் வீழ்படிவாகும்.

அளவிட, 280 நானோமீட்டர் உறிஞ்சலிலிருந்து செறிவைக் கணக்கிடுங்கள். டேக் இல்லாத புரதத்துக்கு 1 மைக்ரோமோலாருக்குச் சுமார் 0.066. கியூவெட்டில் (அளவிடும் ஒளிபுகு குப்பியில்) 2 மில்லி, 0.2 மைக்ரோமோலார் புரதம், 25 பாகை செல்சியஸ். குளிரறையிலிருந்து எடுத்த கியூவெட்டில் பனி பூக்கும். துடைத்து, சூடேறும்வரை பொறுங்கள். 295 நானோமீட்டரில் தூண்டி 345 நானோமீட்டர் அருகே ஒளிர்வை வாசியுங்கள். முதலில் 0.1 மில்லிமோலார் மால்டோஸில் 2 மைக்ரோலிட்டர் (0.1 மைக்ரோமோலார்), பின் 1 மில்லிமோலார், கடைசியில் 10 மில்லிமோலார் கரைசலால் 20 மைக்ரோமோலார் வரை. சேர்க்கும் மொத்தம் 40 மைக்ரோலிட்டரைத் தாண்டக்கூடாது. இடையிடையே ஷட்டரை மூடுங்கள். இல்லாவிட்டால் ஒளிச்சிதைவும் பிணைப்பு மாதிரியே தெரியும். அதைப் பிரித்தறிய பஃபரையும், தனியே, பிணையாத சர்க்கரையான சுக்ரோஸையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

பிரிகை மாறிலியைவிடப் பல மடங்கு அதிகச் செறிவில் புரதம் எடுத்தால் வளைகோடு நேர்கோடாகி ஓரிடத்தில் முறியும். அது பிணைப்பு இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லும், பிடிப்பின் வலிமையை நம்பகமாகச் சொல்லாது. மலிவான மால்டோஸில் மால்டோட்ரையோஸ் கலந்திருக்கும். அது இன்னும் இறுகப் பிணைவதால் மாறிலி குறைவாக வரும். மால்டோஸ் மோனோஹைட்ரேட்டானால் மூலக்கூறு எடை 360.3, 342.3 அல்ல. இத்தனைக்குப் பிறகும் மால்டோஸ் ஊற்றி ஒளிர்வு அசையவில்லை என்றால், பள்ளம் இன்னும் நிறைந்திருக்கிறது அல்லது புரதம் சரியாக மடியவில்லை. கழுவாத மாதிரியையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள்: கழுவியதில் மட்டும் ஒளிர்வு குறைந்தால் சர்க்கரை போய்விட்டது.